படத்துக்குப் போன அறுபத்துநாலு

மாணிக்கவாசகத்துக்குக் கம்பியூட்டரைப் போடத் தெரியும், அணைக்கத் தெரியும். நடுவில் யாராவது கேள்வி கேட்டால் மூன்று விசைகளை ஒன்றாக அமுக்கி ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து காட்டவும் தெரியும். அந்தப் பெட்டியில் கறுப்புத் தரையில் பச்சைக் கோடு ஒன்று ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். கீழே எண்கள் மாறிக்கொண்டேயிருக்கும். ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலிக்காரர் தலைமாட்டில் அப்படி ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கொக்கோத் தோட்டத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆகையால் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது, யுத்த காலம். யட்டவத்தையிலிருந்து உள்ளே போகிற அந்தத் தோட்டத்துக்கு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று ஒரு கம்பியூட்டரைக் கொடுத்திருந்தது. கொக்கோக் காய் பறிக்கப் போகும் தாய்மார் முன்பு கைக்குழந்தைகளை விட்டுப்போன பழைய புள்ளக்காம்பராவை வெள்ளையடித்து, அதற்குள் அதை வைத்தார்கள். மாத்தளை டவுனில் ஆறு மாதம் படித்து சேர்ட்டிபிகேட் வாங்கியிருந்தவன் மாணிக்கவாசகம் ஒருவன்தான் என்பதால் அவன் மாஸ்டர் ஆனான். வயது இருபத்துநாலு. பன்னிரண்டு பேர் படித்தார்கள். எல்லோரும் ஒரே கம்பியூட்டரைச் சுற்றி நின்று, பிரசவம் பார்க்கிறவர்களைப் போல எட்டிப் பார்த்துப் படித்தார்கள்.

கொடுத்தவர்கள் ஒரு கடதாசியும் கொடுத்திருந்தார்கள். இன்னின்ன சாமான் தந்தோம் என்ற பட்டியல். தோட்டத் தலைவர் இராமசாமி அதைக் கண்ணாடி போட்டுச் சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் செய்தார். வெள்ளிக்கிழமைகளில் இரண்டுக்கும் சேர்த்தே பத்தி கொளுத்தினார்கள். திரை ஒன்று, கீபோர்ட் ஒன்று, மவுஸ் ஒன்று, ரெம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்கூட அந்த வரிசையை மனப்பாடமாகச் சொல்வார்கள்.

சித்திரை மாத இடி ஒன்று அந்த வரிசையைக் குலைத்தது. கம்பியூட்டர் இரைகிறது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை. டவுனில் யஹ்யா நானாவின் கடையில் ரேடியோ, டீவி, கம்பியூட்டர் எல்லாம் திருத்துகிற நல்லையாவைக் கூப்பிட்டார்கள். நல்லையா வேறு யாருமில்லை. அதே தோட்டத்து வரிசை வீடுகளில், மூன்றாம் லயத்துச் சுந்தரம்மாவின் மகன். மாணிக்கவாசகத்தோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோனவன். சேர்ட்டிபிகேட் இல்லாதவன். அவனை ஏன் கூப்பிட வேண்டியிருக்கிறது என்பது மாணிக்கவாசகத்துக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் அவனைப் பிடிக்காமல் போயிற்று.

நல்லையா மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து கருகிப்போன ஒரு கார்டைப் பிடுங்கி மேசையில் வைத்தான்.

"மச்சான், படம் காட்டுற கார்டு செத்துப்போச்சு. போர்டுலயே படம் காட்டுற வழி ஒன்னு இருக்கு, அதுல மாட்டிவிட்டுட்டேன். அது மெமரியில கொஞ்சம் எடுத்துக்கும். பரவாயில்லதான?"

பன்னிரண்டு பேரும் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்கள்.

"தெரியும் தெரியும்," என்றான் மாணிக்கவாசகம். "நீ மூடு."

நல்லையா மூடினான்.

மூன்று வாரம் கழித்து, கம்பியூட்டர் கொடுத்தவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று கடிதம் வந்தது. தலைவர் இராமசாமி கமிட்டியைக் கூட்டிக்கொண்டு புள்ளக்காம்பராவுக்கு வந்து, கண்ணாடிக்குள் இருந்த பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்து, இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். திரை இருந்தது. கீபோர்ட் இருந்தது, ஒரு எழுத்து மட்டும் விழுந்திருந்தது. அடுத்தது ரெம், அதாவது மெமரி. மாணிக்கவாசகம் பெருமையோடு அதற்குரிய பக்கத்தைத் திறந்தான். நானூற்று நாற்பத்தெட்டு என்றிருந்தது.

அவன் இன்னொரு முறை திறந்தான். மூன்று விசைகளை அமுக்கிப் பச்சைக் கோட்டையும் பார்த்தான். அங்கேயும் மொத்தம் அதே அளவுதான்.

"என்னா மாஸ்டர், கொறையுதா?"

இந்த இடத்தில் 'எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்றேன்' என்றால் கதையே இல்லை. அவனும் அதை நினைக்காமலில்லை. ஆனால் பன்னிரண்டு பேரும் கமிட்டியும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அறுபத்துநாலு கொறையுது தலைவரே."

"அறுபத்துநாலுன்னா எம்புட்டு?"

"எட்டுல ஒரு பங்கு."

"எட்டுல ஒரு பங்கு!" தலைவர் திரும்பிக் கமிட்டியைப் பார்த்தார். "ஒரு பலாப்பழத்துல எட்டுல ஒரு பங்கக் காணோம்னா, பழம் தானாவா தின்னுருக்கும்? யாருய்யா கடைசியா இதத் தொறந்தது?"

ஒருவரும் பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

"இந்தா, இங்கன அவெய்லபிள்னு ஒன்னு போட்டுருக்கே, அது என்னா?" என்று கமிட்டியில் ஒருவர் பச்சைக் கோட்டின் கீழே விரலை வைத்தார். "நான் பாக்கப் பாக்கக் கொறையுதே?"

உண்மைதான். மிச்சம் எவ்வளவு என்று காட்டுகிற அந்த எண் இருநூற்றுப் பத்தில் இருந்து இருநூற்றெட்டுக்கு இறங்கியது.

"இன்னும் களவு போய்க்கிட்டே இருக்கா?" என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி.

மாணிக்கவாசகம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "இருக்கலாம்," என்றான். "உள்ளுக்கு என்னத்தையாச்சும் வச்சிட்டுப் போயிருக்கலாம்."

அவனுக்கு அந்த வசனம் சொல்லி முடிக்கும்போதே நன்றாகவே இருந்தது. படித்தவன் சொல்கிற வசனம்.

பொலிசில் ஒரு என்ட்ரி போடலாம் என்று யாரோ சொன்னார்கள். நல்லையா மாதம் ஒரு முறை யஹ்யா நானாவுக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போய்வருகிறவன். போன மாசியில் பையில் இருந்த சின்னப் பச்சைப் பலகைகளுக்காக ஒரு சோதனைச் சாவடியில் அரை நாள் குந்தவைத்திருந்தார்கள். இது வெடிக்காது என்று அவர்களுக்குச் சிங்களத்தில் சொல்லிச் சொல்லி அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"பொலிசுக்கு வேணாம்," என்றார் தலைவர். "இந்தக் காலத்துல ஒரு தமிழ்ப் பையனக் கொண்டுபோய்க் குடுத்தா அவனுங்க ரெம்மையா தேடுவானுங்க? நம்ம புள்ள நம்மகிட்டயே சொல்லட்டும். வெள்ளிக்கிழம சூடம் அணைக்கட்டும்."

அதுதான் தோட்டத்து வழக்கம். எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணினால் ஆத்தா முன்னால் விஷயம் முடிந்துவிடும். கோழி, செம்பு, ஒரு முறை பெரிய துரையின் குடை, எல்லாவற்றுக்கும் அந்தக் கோயிலில் சூடம் அணைந்திருக்கிறது. மெமரிக்கு அதுதான் முதல் தடவை.

வெள்ளி பின்னேரம் மாரியம்மன் கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. நல்லையா குளித்து, வேட்டி கட்டி வந்திருந்தான். சுந்தரம்மா தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். யாரையும் பார்க்கவில்லை. பூசாரி தட்டில் சூடத்தைக் கொளுத்தினார்.

"என்னத்த எடுக்கலன்னு சொல்லணும்?" என்று கேட்டான் நல்லையா.

பூசாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் மாஸ்டரைப் பார்த்தார்.

"அறுபத்துநாலு மெகாபைட்," என்றான் மாணிக்கவாசகம்.

நல்லையா அவனைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் மாணிக்கவாசகம் சமாளித்திருப்பான். அதில் இருந்தது சந்தேகம். இவன் விளையாடுகிறானா, நிஜமாகவே சொல்கிறானா என்ற சந்தேகம்.

"மச்சான், நான் அன்னைக்கே ஒங்கிட்ட..."

"பேச்ச விட்டுட்டு அணைடா," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அறுபத்துநாலு மெகாபைட்ட நான் எடுக்கல. எடுத்திருந்தா ஆத்தா எங் கண்ணப் பறிக்கட்டும்."

உள்ளங்கையை வைத்தான். அணைந்த பிறகும் எடுக்கவில்லை. வேண்டிய நேரத்தை விட அதிக நேரம் வைத்திருந்தான். பூசாரியே கையைப் பிடித்து எடுத்துவிட வேண்டியதாயிற்று.

இதோடு முடிந்திருக்கும். மாணிக்கவாசகத்துக்கு நாக்குச் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் நின்றவனிடம், சிரிப்புக்காக, மெதுவாக, "ஈயம் உருக்குற கைக்குச் சூடமெல்லாம் சுடுமா?" என்றான்.

பக்கத்தில் நின்றவன் சிரித்தான். அவன் தனக்குப் பக்கத்தில் நின்றவனுக்குச் சொன்னான். கோயில் படி இறங்குவதற்குள் அது பகிடியாக இருந்தது. லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தீர்ப்பாகிவிட்டது. காய்த்துப்போன கை, அதற்குச் சுடாது, அந்தச் சத்தியம் செல்லாது.

நல்லையாவின் உள்ளங்கை கொப்புளித்துப்போனது. கடையில் ஈயம் உருக்குகிற இரும்பைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த வாரம், கை ஆறட்டும், பேச்சும் ஆறட்டும், அதுவரைக்கும் வீட்டில் இரு என்று யஹ்யா நானாவிடமிருந்து செய்தி வந்தது. சுந்தரம்மா மற்றப் பெண்கள் போன பிறகுதான் தண்ணீர் விழுகிற பீலிக்குக் குடம் எடுத்துப் போனாள். மாணிக்கவாசகத்தின் தாய் அழகம்மாதான் அதை வந்து சொன்னாள். மகன் களவைக் கண்டுபிடித்தவன் என்பதால் தன் குடத்துக்கு வரிசையில் இடம் விட்டார்களாம்.

மாணிக்கவாசகத்தின் கவலை அப்போது வேறொன்றாக இருந்தது. அந்த அவெய்லபிள் எண் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சஞ்சிகையோடு இலவசமாக வந்த சீடீத் தட்டில் மெமரியைச் சுத்தப்படுத்துகிற புரோகிராம் ஒன்று இருந்தது. அதைப் போட்டான். பொத்தானை அமுக்கினால் எண் சர்ரென்று ஏறியது. பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். பிறகு கம்பியூட்டர் எருமை போல அசைந்தது. எண் மறுபடி இறங்கியது. ஆகவே வேறொரு சுத்தப்படுத்தியையும் போட்டான். வெளியேயிருந்து நல்லையா இழுக்கிறான், உள்ளேயிருந்து மாஸ்டர் தடுக்கிறார் என்று படிக்கிறவர்கள் வீட்டில் போய்ச் சொன்னார்கள்.

வருகிறவர்கள் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. திங்கட்கிழமை தலைவர் மாணிக்கவாசகத்தைக் கூப்பிட்டார். "எடுத்தது யஹ்யா நானா கடை ஆளு. கொறஞ்ச துண்ட அவருதான் போட்டுத் தரணும். பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போ. மருவாதியா கேளு."

கம்பியூட்டர்ப் பெட்டியைச் சாக்கில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனான். வழியில் ஒரு சிப்பாய் சாக்கை அவிழ்க்கச் சொல்லி உள்ளே பார்த்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். கம்பியூட்டர் என்றான் மாணிக்கவாசகம். உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டான் சிப்பாய். அதற்கு அவனிடம் தமிழிலும் பதில் இல்லை.

யஹ்யா நானாவின் கடையில் அவருடைய தங்கையின் மகள் றஸ்மியா இருந்தாள். உயர்தரம் எழுதிவிட்டு முடிவு வரும்வரைக்கும் கடையில் நிற்கிற பிள்ளை. யஹ்யா நானா உள்ளே யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன வருத்தம் இதுக்கு?" என்றாள் றஸ்மியா.

"ரெம் கொறையுது. ஐந்நூத்திப் பன்னெண்டு இருந்துச்சு. இப்ப நானூத்தி நாப்பத்தெட்டு."

அவள் திருகாணியைக் கழற்றி மூடியை எடுத்தாள். அந்தப் பெட்டியின் உள்ளே மாணிக்கவாசகம் எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் அவன் திரையைத்தான் கம்பியூட்டர் என்று பார்த்துக்கொண்டிருந்தான். நீளமான ஒரு பச்சைத் துண்டை அவள் தொட்டுக் காட்டினாள். அதில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் அச்சடித்திருந்தது: 512.

"முழுசா இரிக்கே. ஒரே துண்டு. இதுல எட்டுல ஒன்ன வெட்டி எடுக்க ஏலாது."

மாணிக்கவாசகம் அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"கார்டு எரிஞ்சிபோயிருக்கும் போல," என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே கடைத் திரையின் வயரை மாட்டினாள். "கார்டு இருந்தா அதுக்கு அதுட சொந்த மெமரி ஈக்கி. இல்லாட்டி போர்டு படம் காட்டுறதுக்கு இதுலதான் எடுக்கும். விண்டோஸ் எழும்புறதுக்கு முந்தியே எடுத்துரும். விண்டோஸுக்குக் கையில குடுத்தது மட்டுந்தான் தெரியும். அதத்தான் எண்ணிக் காட்டும். பொய் சொல்லல்ல. அதுக்குத் தெரிஞ்சத சொல்லுது."

எழும்புவதற்கு முன்னால் வருகிற நீலப் பக்கத்தில் அவள் ஒரு இடத்தைக் காட்டினாள். அறுபத்துநாலு என்றிருந்தது. அதை முப்பத்திரண்டாக மாற்றி எழுப்பினாள். விண்டோஸ் நானூற்று எண்பது என்றது. திரும்ப அறுபத்துநாலாக்கி எழுப்பினாள். நானூற்று நாற்பத்தெட்டு. மூன்று நிமிடமும் ஆகவில்லை. இதற்காக ஒரு கை வெந்திருக்கிறது.

"தெரியும்," என்று அவன் வாய் தானாகச் சொன்னது.

"தெரியுமா? அப்ப ஏன் தூக்கிட்டு வந்தீங்க?"

குத்திக் கேட்கவில்லை. அறியத்தான் கேட்டாள். அவனுக்குக் காது மடலிலிருந்து கழுத்துவரை சுட்டது.

"இல்ல," என்றான். "தெரியாது."

பிறகு, கேட்பதென்று ஆகிவிட்டது என்று, அந்த அவெய்லபிள் எண் ஏன் ஒவ்வொரு நாளும் இறங்குகிறது என்றும் கேட்டுவைத்தான். றஸ்மியா பார்த்தாள். இரண்டு சுத்தப்படுத்திகளும் கம்பியூட்டரோடு சேர்ந்தே எழும்பி, கீழ்மூலையில் குந்தியிருந்தன.

"இதெல்லாம் யாரு போட்டது?"

"நான்."

"இதுகளே மெமரியில குந்திக்கிட்டுத்தானே இரிக்கிதுகள். ஒன்னத் தொறந்தா அதுக்கு எடம் வேணும், எண் எறங்கும். மூடினா ஏறும். அது களவுமில்ல, காய்ச்சலுமில்ல. மெமரி சும்மா கிடக்கிறதுக்கா வாங்கின? இந்தச் சுத்தப்படுத்திகள் என்ன செய்யும்னா, வேலையில இரிக்கிறதுகள எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்குத் தொரத்திவிட்டுட்டு, பாருங்கோ எவ்வளவு எடம் ஈக்கின்னு காட்டும். வீட்டுக்கு ஆள் பாக்க வரக்கொள்ள, குடும்பத்த வெளிய நிப்பாட்டிட்டு வீடு விசாலம்னு காட்டுற மாதிரி. பொறகு ஒவ்வொருத்தரா உள்ளுக்குக் கூப்பிட வாணாமா? அதாலதான் அசையுது."

யஹ்யா நானா போனை வைத்துவிட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நல்லையா ஒன்டும் எடுக்கல்ல."

"இல்ல நானா," என்றான் மாணிக்கவாசகம்.

"அவன் ஒங்களுக்குச் சொல்லல்லயா, இப்பிடித்தான்னு?"

சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். யார் சாட்சி? அந்தப் பன்னிரண்டு பிள்ளைகள்தான். அவர்களுக்கும் விளங்கியிருக்காது.

"சொன்னான்."

யஹ்யா நானா நாற்காலியில் உட்கார்ந்து தாடியைத் தடவினார். "ஒரு மாஸ்டர்ட பேச்ச நம்பி, நாலு வருஷம் எனக்கு வேல செஞ்ச ஆள வீட்டுல இருக்கச் சொன்னேனே. எனக்கே வெக்கமா ஈக்கி. ஆனா இப்ப நான் வா எண்டு கூப்புட்டாலும் சரிவராது, தம்பி. சனம் மிசினத் தொறந்து போட்டுட்டுப் போற கட இது. ஒங்கட தோட்டத்துப் பேச்சு இங்க வரைக்கும் வந்துரிச்சி. பேச்ச அங்க முடிச்சிட்டு வாங்க. அவனோட வாங்க."

போகும்போது பழைய படக் கார்டு ஒன்றையும் சும்மா கொடுத்தார். "இத மாட்டினா திரும்ப ஐந்நூத்திப் பன்னெண்டு காட்டும்."

தோட்டத்துக்கு வந்ததும் தலைவரிடம் போனான். எப்படி விளங்கவைப்பது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்திருந்தான்.

"தலைவரே, காலையில பிரட்டுக்களத்துல கணக்கப்புள்ள ஆளு எண்ணுறாரில்ல? அவரு எண்ணுறதுக்கு முந்தியே ரெண்டு பேர பங்களாத் தோட்டத்துக்கு அனுப்பிட்டா, அவரு எண்ணுறப்ப ரெண்டு கொறையும்..."

"ஆமா. பேர்ல இருப்பாங்க, களத்துல இருக்கமாட்டாங்க."

"அந்த மாதிரிதான் இந்த அறுபத்துநாலும். படம் காட்டுற வேலைக்கு முந்தியே போயிருது."

தலைவர் அவனை உற்றுப் பார்த்தார். "இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

"அடப்பாவி. இத நீ முதல்லயே எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

மாணிக்கவாசகத்துக்கு அதற்கு மேல் வேறு அவமானம் தேவைப்படவில்லை. ஆறு மாதம் படித்தவனுக்கு விளங்காதது, மூன்றாம் வகுப்பில் நின்ற மனிதருக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது.

ஆனால் தலைவர் தலைவர்தான். கார்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத மாட்டுனா முழுசா காட்டுமா?"

"காட்டும்."

"அப்ப மாட்டிரு. சூடம் அணைச்ச பொறகு ஆத்தா திருப்பிக் குடுத்துட்டாள்னு நானே சொல்லிர்றேன். கோயிலுக்கும் பேரு, ஒனக்கும் பேரு. கமிட்டியும் தப்பிச்சுது."

"நல்லையாவுக்கு?"

"திருப்பிக் குடுத்தவன ஒன்னும் செய்ய மாட்டாங்கப்பா."

நல்லையா களவெடுத்துத் திருப்பிக் கொடுத்தவனாகிவிடுவான் என்பது மாணிக்கவாசகத்துக்கு விளங்கியது. அதைவிட மோசமானது என்னவென்றால், ஒரு மூச்சுக்கு அது நல்ல யோசனையாகவும் தோன்றியதுதான். கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மாட்டவில்லை. ஒருவரிடமும் எதுவும் சொல்லவுமில்லை. செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. வருகிறவர்கள் வந்து போகட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தான். யாருடைய கை வெந்திருக்கிறதோ அவன் கை அந்த இரண்டு நாளும் வெந்தே இருந்தது.

வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். இரண்டு வெள்ளைக்காரரும் ஒரு கொழும்புக்காரரும். கண்ணாடி போட்ட பட்டியலைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார்கள். அதைப் போட்டோ எடுத்தார்கள். கம்பியூட்டரைப் போடச் சொல்லவில்லை. தேத்தண்ணீர் குடித்தார்கள். கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். அதுதான் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி. போய்விட்டார்கள்.

சனி பின்னேரம் மாணிக்கவாசகம் மூன்றாம் லயத்துக்குப் போனான். சுந்தரம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நல்லையா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, இடது கையால் ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தான். வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"அத்த," என்றான் மாணிக்கவாசகம். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பச்சைத் துண்டில் அச்சடித்திருந்தது, றஸ்மியா காட்டியது, யஹ்யா நானா கேட்டது. தலைவர் சொன்ன யோசனையை மட்டும் சொல்லவில்லை.

சுந்தரம்மா புடைப்பதை நிறுத்தவில்லை. நல்லையாதான் கேட்டான்.

"அன்னைக்குத் தெரியும்னு சொன்னியே மச்சான்?"

"தெரியாது."

"நான் கோயில்லயும் சொல்ல வந்தேன்."

"ம்."

"தெரியாதுன்னா அன்னைக்கே தெரியாதுன்னு சொல்லியிருந்தா, காட்டியிருப்பேன்ல? ரெண்டு நிமிச வேல."

மாணிக்கவாசகம் வாசல்படியைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மன்னிச்சிரு," என்று சொன்னான். அது அந்தக் காம்பராவுக்குள் எங்கேயும் போய் உட்காரவில்லை.

சுந்தரம்மா சுளகைக் கீழே வைத்தாள்.

"இங்கன வந்து எங்ககிட்டச் சொல்லி என்னாத்துக்கு? எம் புள்ள எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? எழுதிக் குடு."

"அத்த, ஒங்களுக்கு வாசிக்க..."

"எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லுவேன். நீ எழுது."

பழைய கொப்பி ஒன்றில் தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அவன் படியில் உட்கார்ந்து எழுதினான். முதலில் விண்டோஸ், போர்டு, கார்டு எல்லாவற்றையும் போட்டு ஒரு பக்கம் எழுதினான். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இதுல எம் புள்ள பேரு கடைசியிலதான வருது," என்றாள் சுந்தரம்மா. வேறு தாள் கிழித்தாள். இரண்டாவது தாளையும் கேட்டாள். கேட்டு முடித்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கை விஷயம்," என்றாள். "காய்ச்ச கைன்னு. அது எவன் வாயில இருந்து வந்துச்சு?"

மாணிக்கவாசகம் பேனையை எடுத்து இன்னொரு வரி எழுதினான். கையெழுத்துப் போட்டான்.

ஞாயிறு வேலையில்லை. எல்லோரும் லயத்தில்தான் இருந்தார்கள். காலை தேத்தண்ணீர் முடிந்த நேரத்தில் சுந்தரம்மா அந்தத் தாளோடு முதலாம் லயத்தின் முதல் காம்பராவுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை யார் என்று கேட்டாள். அந்தப் பிள்ளையைக் கொண்டு சத்தமாக வாசிக்கவைத்தாள். வீட்டில் எல்லோரும் கேட்கிறார்களா என்று பார்த்தாள். குளிக்கப் போனவர்கள் இருந்தால் வரும்வரைக்கும் நின்றாள். பிறகு தாளை மடித்துக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போனாள்.

லயத்துச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் இருமினால் பத்து வீட்டில் முதுகைத் தடவிக்கொள்வார்கள். மாணிக்கவாசகத்தின் வீடு இரண்டாம் லயத்தில் கடைசிக்கு முந்திய காம்பரா. ஒன்பது மணிக்கு அவன் எழுத்து இரண்டாம் லயத்துக்குள் வந்தது.

"நல்லையா ஒன்றும் எடுக்கவில்லை. அறுபத்துநாலும் கம்பியூட்டருக்குள்ளேயே இருக்கிறது. படம் காட்ட அது எடுத்துக்கொள்கிறது. நல்லையா அதை எனக்கு முதலிலேயே சொன்னான். எனக்கு விளங்கவில்லை. விளங்கியது என்று சொன்னேன். அவன் கைக்குச் சுடாது என்று முதலில் சொன்னதும் நான்தான். மாணிக்கவாசகம்."

வாசித்தவர்களில் பலர் அவனுடைய மாணவர்கள். சிலர் எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். அப்போது 'வி... ள... ங்... க... வி... ல்லை' என்பதற்கு ஒரு நிமிடம் போயிற்று. ஒருத்தி செய்தி வாசிப்பது போல வாசித்தாள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் ஒருவர், "பாவம்யா அந்தப் பய," என்றார். அது நல்லையாவையா தன்னையா என்று மாணிக்கவாசகத்துக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒன்றுமே கேட்கவில்லை, அப்புறம் ஒரு பெண், "சுந்தரம்மாக்கா, கொஞ்சம் உள்ள வந்து குந்திட்டுப் போங்க," என்றாள். சுந்தரம்மா, இன்னும் வீடு கிடக்கு என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

மாணிக்கவாசகம் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அழகம்மா அடுப்படியில் இருந்தாள். முதல் வீட்டில் வாசித்தபோது அவள் கையில் இருந்த அகப்பை நின்றது. அதன் பிறகு அது ஓடவில்லை. ஒவ்வொரு வீடாகக் கிட்டக் கிட்ட வந்தது. ஏழு வீடு தள்ளி, ஆறு வீடு தள்ளி. பக்கத்துக் காம்பராவில் வாசித்து முடித்தபோது, வெளியே போய்விடலாமா என்று அவன் எழுந்து உட்கார்ந்தான். போகிற வழி ஒரே வாசல்தான். அந்த வாசலில் சுந்தரம்மா நின்றாள்.

"அழகம்மா," என்றாள்.

"வாங்க மயினி," என்றாள் அழகம்மா. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, இதுவரை எதுவுமே காதில் விழாதவளைப் போல வந்து நின்றாள்.

"இந்த வீட்டுல வாசிக்கத் தெரிஞ்ச ஆளு யாரு?"

அழகம்மா மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அவன்தான்," என்றாள்.

சுந்தரம்மா தாளை நீட்டினாள். இரண்டு லயத்துக் கைகளில் பட்டு மடிப்பெல்லாம் அழுக்காகியிருந்தது. மாணிக்கவாசகம் வாங்கினான். நின்றுகொண்டு வாசிக்கத் தொடங்கினான். நல்லையா ஒன்றும் எடுக்கவில்லை என்பதை நன்றாகவே வாசித்தான். படம் காட்ட எடுத்துக்கொள்கிறது என்பதையும் வாசித்தான். அதற்கு அடுத்து வந்த வரிகளில் குரல் சட்டைக் கொலருக்குள் போய்விட்டது. கடைசியில் தன் பெயர் மட்டும் வெளியே வந்தது.

அழகம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல கேக்கல," என்றாள் சுந்தரம்மா. கோபமாகச் சொல்லவில்லை. இருபது வீட்டுக்கு மேல் கேட்டுவிட்ட ஒருத்தி, ஒரு வரி குறைகிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். "ஒங்கம்மாவுக்குக் கேக்கட்டும். மொதல்ல இருந்து வாசி."

மாணிக்கவாசகம் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.